நிரலின் கிளைகள் எத்தனை நாள் நிற்கலாம்?

எமது பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம், தாய்மொழியின் சிறப்பினைப் பற்றியோ பெற்றோரின் கடமையினைப் பற்றியோ எழுதிக் கொடுத்து வந்துள்ளோம். இம்முறை அவர்களின் பொறுமையைச் சற்றுச் சோதிக்க எண்ணுகின்றோம். மேல்வகுப்பு மாணவர்கள் இயற்றிவரும் சொற்பயிற்சி நிரலை எவ்வழியிற் பேணுவது, அதன் கிளைகளை எப்பொழுது பிரிப்பது, எப்பொழுது சேர்ப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். விழா முடிந்து பள்ளி மீண்டும் கூடும் முதலாவது சனிக்கிழமையன்று இதுபற்றி ஒரு முடிவு எடுக்கப்படவுள்ளது. கணினித் துறையிற் பணிபுரியும் பெற்றோர் சிலர் ஒரு பக்கமும் நாம் மறுபக்கமும் நிற்கின்றோம். எம் பக்க நியாயத்தை முன்கூட்டியே அச்சேற்றி வைப்பது ஆசிரியத் தந்திரம் என எவரேனும் கருதின் அதனை மறுக்கமாட்டோம்.

சென்ற ஆண்டு விழாவுக்கு வந்திருந்தோர்க்கு அந்நிகழ்ச்சி நினைவிருக்கும். மேடையின் வலப்புறத்தில் வெண்டிரை கட்டப்பட்டிருந்தது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் திரையிலே தோன்றும் படத்தைப் பார்த்து உரிய சொல்லைத் தெரிவு செய்ய வேண்டும். முதற் படம் வந்தது. பிள்ளை சரியாகவே தெரிவு செய்தாள். அதன்பின் திரை அசையவில்லை. நிகழ்ச்சியை நெறிப்படுத்தியவர் மின்வடத்தின் மீது பழியைப் போட்டு ஒருவாறு சமாளித்தார். மின்வடத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை எம்மிடத்தே இருந்தது. அதனை விளக்குவதற்கு முன்னர், இத்துறையில் பழக்கமில்லாத பெற்றோரின் பொருட்டுச் சில செய்திகளைக் கூறவேண்டும்.

நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதி. பலர் கூடி அதனை எழுதும்போது, யார், எந்நாளில், எவ்வரியை, எதற்காக மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் கருவியைப் பதிப்பு மேலாண்மைக் கருவி என்பர். தாயகத்துப் பாடசாலைகளில் அதிபரின் மேசை மீது சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். அதிலே மையினால் எழுதித் திகதியிட்டு ஒப்பமிட்ட பதிவை எவரும் அழிப்பதில்லை. பிழையெனக் கண்டால் கீழே வேறொரு பதிவு எழுதப்படும். இக்கருவியும் ஏறக்குறைய அத்தகையதே. இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குவது 'கிற்' என்னும் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதுவோர் அதுவரை பயன்படுத்தி வந்த பிற்கீப்பர் என்னும் கருவியை இலவசமாகக் கையாளும் உரிமை நீக்கப்பட்டபோது, லினஸ் ரோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல் மாதத்தில் இதனை எழுதத் தொடங்கினார். சில நாட்களிலேயே 'கிற்' தனது நிரலின் வரலாற்றைத் தானே பேணும் நிலைக்கு வந்துவிட்டது.

இக்கருவியின் ஓர் இயல்பு எமக்கு மிகவும் உவப்பானது. களஞ்சியத்தைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் இன்றைய நிரல் மட்டுமன்றி, தொடக்கம் முதலான வரலாறு முழுவதும் வந்து சேர்கின்றது. ஐந்து மாணவர் இறக்கினால் ஐந்து முழுமையான பிரதிகள். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அவற்றுட் சில வேறெங்கும் படியில்லாதவை. அந்தச் சாம்பலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எமக்கு, பிரதிகள் பல வீடுகளில் இருத்தல் என்பது தொழில்நுட்ப வசதி மட்டுமன்று. ஆயினும் பிரதிகள் பலவாதல் வேறு, அவை ஒன்றோடொன்று பொருந்தாமற் போதல் வேறு. எமக்கு வந்த இடர் இரண்டாவது வகையினது.

ஒருவர் பொது நிரலைக் கெடுக்காமல் தமது வேலையைத் தனியே செய்து பார்க்கக் கிளை ஒன்றைத் திறப்பார். அடிமரத்தில் அனைவருக்கும் பொதுவான நிரல் இருக்க, கிளையில் அவருடைய மாற்றங்கள் வளரும். வேலை முடிந்ததும் கிளை அடிமரத்தோடு இணைக்கப்படும். 'கிளை' என்ற சொல்லே இங்கு சிறிது மயக்கந் தருவது. எமது சவுத்தால் புகையிரத நிலையத்தின் அருகிலிருந்து பிரென்ற்ஃபோர்ட் நோக்கி ஒரு கிளைப் பாதை பிரிகின்றது, 1859இல் திறக்கப்பட்டது. பயணிகள் வண்டி 1942உடன் நின்றுபோயிற்று. சரக்கு வண்டிகள் மட்டுமே செல்கின்றன. அப்பாதை வேறோர் ஊருக்குப் போவதற்காகவே போடப்பட்டது. போன இடத்திலேயே முடியலாம். நிரலின் கிளையோ திரும்பி வருவதற்காகவே புறப்படுகின்றது. புகையிரதத்தை மனத்திற் கொண்டு நிரற் கிளையைத் திறப்போர் அதனைத் திருப்பிக் கொண்டுவர மறந்துவிடுகின்றனர்.

இணைக்கும் வேளையில் நிகழ்வது யாதெனில், இரு பக்கமும் பிரிந்த அந்த இடத்தைக் 'கிற்' முதலிற் கண்டுபிடிக்கும். பின்னர் பிரிந்த இடத்தோடு இரு பக்கத்தையும் ஒப்பிடும். ஒரு பகுதியை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அம்மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். அதே வரிகளை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், 'இங்கே முரண் உள்ளது, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்' என அடையாளமிட்டு நிறுத்திவிடும். இந்த முரண்களைக் கண்டுதான் மாணவர் அஞ்சுவர். நாம் அஞ்சுவது முரண் காட்டாத பிழையை. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுகின்றார். இன்னொருவர் தம் கிளையில், வேறொரு கோப்பில், பழைய பெயரையே அழைத்துப் புதிதாக எழுதுகின்றார். வரிகள் மோதவில்லை, ஆகவே 'கிற்' மகிழ்ச்சியுடன் இணைத்துவிடும். நிரலோ இயங்காது. 'கிற்' வரிகளை அறியும், பொருளை அறியாது. கிளைகள் எவ்வளவு நாள் விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு இவ்விரு வகை இடர்களும் பெருகும்.

சென்ற ஆண்டு திரை நின்றது இந்த இரண்டாவது வகையால். புள்ளி கணிக்கும் செயற்கூற்றின் பெயரை ஒரு மாணவன் திருத்தமாக மாற்றியிருந்தான். சொற்களுக்கு ஒலிப்பதிவு சேர்த்த மாணவியின் கிளையில் பழைய பெயரே இருந்தது. இருவர் மீதும் தவறில்லை. தவறு எமது சட்டத்தில். 'எமது பார்வைக்கு வராத எதுவும் அடிமரத்திற் சேரலாகாது' என நாம் விதித்திருந்தோம். பார்ப்பதோ தவணை முடிவில், அப்பியாசக் கொப்பிகளைக் கட்டாக வாங்கித் திருத்தும் பழக்கத்திலே. ஆகவே ஐந்து கிளைகள் ஏழு மாதங்கள் தனித்தனியே வளர்ந்தன. விழாவுக்கு முந்திய நாளிரவு அவற்றை ஒன்றுசேர்க்க உட்கார்ந்தோம். முரண்கள் குவிந்தன. நேரமில்லாமையால் 'இந்தப் பக்கத்தையே வைத்துக்கொள்வோம்' எனப் பல இடங்களில் வெட்டினோம். ஐவருள் இளையவனான ஒரு மாணவன் உறவுமுறைச் சொற்களுக்கென அமைத்திருந்த பகுதி முழுவதும் அப்படி வெட்டுப்பட்டது. அவன் தன் அம்மம்மாவை அழைத்து வந்து முன்வரிசையில் இருத்தியிருந்தான். அதன்பின் இரு சனிக்கிழமைகள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அவனது வேலை அவனுடைய கிளையிலே பத்திரமாக இருந்தது. 'கிற்' எதையும் தொலைக்கவில்லை. பொது நிரலில் அதற்கு இடமில்லாமற் செய்தவர்கள் நாமே.

இனி எவ்வொழுங்கைக் கைக்கொள்வது? பெற்றோர் சிலர் பரிந்துரைப்பது 'கிற் ஃபுளோ' என வழங்கும் முறை. நெதர்லாந்தைச் சேர்ந்த வின்சென்ற் ட்ரீசன் என்பவர் 2010 சனவரியில் எழுதி வெளியிட்டது, மிகவும் பரவியது. வெளியீடுகள் மட்டும் நிற்கும் ஒரு நிலையான கிளை, வளர்ச்சிப் பணிகள் சேரும் இன்னொரு நிலையான கிளை, ஒவ்வொரு புதிய அம்சத்துக்கும் ஒரு கிளை, வெளியீட்டை ஆயத்தம் செய்ய ஒரு கிளை, அவசரத் திருத்தத்துக்கு ஒரு கிளை என ஒழுங்காக வகுக்கப்பட்டது. வரைபடத்திற் பார்க்க அழகானது. எம்போன்ற பழைய ஆசிரியர்களுக்கு நேர அட்டவணையைக் கண்டது போன்ற மகிழ்ச்சியைத் தருவது.

அம்முறையைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஒரு மென்பொருளின் பல பதிப்புகள் ஒரே காலத்தில் மக்களின் கையில் இருக்குமாயின், பழைய பதிப்புக்கும் திருத்தம் அனுப்ப வேண்டியிருக்குமாயின், வெளியீட்டுக் கிளைகள் இன்றியமையாதவை. லினக்ஸ் கருவைப் பாருங்கள்: புதிய மாற்றங்களை ஏற்பதற்கு இரண்டு வாரங்கள் வாயில் திறந்திருக்கும், பின்னர் பிழை களைதல், ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு வெளியீடு, வெளியான பதிப்புகளுக்குத் தனித்த பேணற் கிளைகள். அங்கே அது பொருந்தும். எமது நிரலுக்கோ ஒரே ஒரு பதிப்பு. அது பள்ளியின் கணினிகளில் இருக்கின்றது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் அதனையே திறக்கின்றனர். இத்தகைய இடத்துக்கு அம்முறை வேண்டியதில்லை என்பது எமது சொந்தக் கண்டுபிடிப்பன்று. ட்ரீசன் அவர்களே 2020 மார்ச் மாதத்தில் தமது பழைய கட்டுரைக்கு ஒரு குறிப்பைச் சேர்த்து, இடையறாது வெளியிடப்படும் மென்பொருளை ஆக்குவோர் இன்னும் எளிய முறையொன்றைக் கைக்கொள்வதே நன்று என எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின் தமது புகழ்பெற்ற கட்டுரையின் தலைமாட்டிலேயே அவ்வாறு எழுதிவைத்த அந்த நேர்மையை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

எளிய முறை என்பது ஓர் அடிமரம். அதிலிருந்து சிறு கிளைகள். ஒவ்வொன்றும் இன்னொருவரால் வாசிக்கப்பட்டு விரைவில் அடிமரத்துக்குத் திரும்புதல். இவ்வளவே. 'சிறு பிள்ளைகளுக்கு அது போதும், பெரிய இடங்களில் நடவாது' என ஒரு தந்தையார் கூறினார். கூகிள் நிறுவனத்தின் பொறியாளர் இருவர் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்நிறுவனத்தில் 25,000க்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 200 கோடி வரிகள் கொண்ட ஒரே களஞ்சியத்தில், பெரும்பாலும் ஒரே அடிமரத்தின் மீது வேலை செய்தனர். நீண்டகால வளர்ச்சிக் கிளைகளை அவர்கள் தவிர்த்தனர். அவர்களிடம் உள்ள தன்னியக்கச் சோதனைகள் எம்மிடம் இல்லை என்பது மெய். அதற்குப் பின்னர் வருவோம்.

எம்மை உண்மையில் எழுதத் தூண்டியது இன்னொரு யோசனை. எமது பள்ளியில் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய இடங்களைச் சேர்ந்த குடும்பங்களும் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவையும் உள்ளன. சாளரத்தின் படத்துக்கு நேரே 'யன்னல்' என ஒரு மாணவி எழுதினாள். இன்னொருவன் அவ்வரியைச் 'சன்னல்' என மாற்றினான். 'பப்பாசி' 'பப்பாளி' ஆயிற்று. மறுவாரம் மீண்டும் 'பப்பாசி' ஆயிற்று. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். அப்பொழுது அன்பர் ஒருவர், “மாஸ்ரர், இரண்டு நிலையான கிளைகளாகப் பிரித்துவிடுங்கள்; ஈழ வழக்குக்கு ஒன்று, தமிழக வழக்குக்கு ஒன்று; சண்டையே இராது” என்றார். கூடியிருந்தோர் பலர் தலையசைத்தனர். சமாதானமான யோசனை போலவே தோன்றும்.

இதனை நாம் முற்றாக எதிர்க்கின்றோம். முதலாவது காரணம் தொழில் சார்ந்தது. கிளை என்பது காலத்தால் வேறுபடும் நிலைகளுக்கு உரியது. நிலையான வேறுபாடுகளுக்கு உரியதன்று. நிரலை இரண்டாகப் பிளந்தால் புள்ளிக் கணக்கில் ஒரு பிழை திருத்தும்போதெல்லாம் அதனை மற்றக் கிளைக்கும் எடுத்துச் சென்று ஒட்டவேண்டும். முதல் மாதம் ஒட்டுவர். மூன்றாம் மாதம் ஒருவர் மறப்பார். திருத்தியவர் பல்கலைக்கழகம் சென்றுவிடுவார். ஆண்டு முடிவில் இரண்டு நிரல்கள் இருக்கும். இரண்டிலும் வெவ்வேறு பிழைகள் இருக்கும். வேறுபட வேண்டியவை சில நூறு சொற்களே. அவை நிரலில் அன்று, சொல்லட்டவணையில் இருக்கவேண்டியவை. ஒரு படத்துக்கு எதிரே ஒரு சொல்லுக்குப் பதிலாகப் பல சொற்கள் நிற்க இடம்விட்டு, எவ்வழக்கு எனக் குறித்துவிட்டால் பிள்ளை எதனைத் தெரிவு செய்தாலும் சரியென ஏற்கலாம், மற்றையதையும் காட்டலாம்.

பிரிந்து நின்றால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதைத் தமிழர் ஒருமுறை அனுபவித்தே அறிந்துள்ளனர். 1990களில் கணினியில் தமிழ் எழுத விரும்பிய ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவைச் செய்தனர். ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கு வெவ்வேறு இடங்களை ஒதுக்கிற்று. எம்மவர் பெரிதும் பாமினியில் எழுதினர். வேறு சிலர் முரசு அஞ்சலில் எழுதினர். பல நாட்டு ஆர்வலர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் தகுதரம் என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1999இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் இரண்டை அறிவித்தது. 1991 முதலே ஒருங்குறியிலும் தமிழுக்கு இடம் இருந்தது; அதுவோ நெடுங்காலம் எவர் கணினியிலும் ஒழுங்காகத் தோன்றவில்லை. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவை ஒரே நிரலின் கிளைகள் அல்ல. ஒப்புமை முழுதும் பொருந்தாது என்பதை அறிவோம். ஆயினும் ஒவ்வொன்றையும் செய்தவர் திறமையும் தமிழ்ப் பற்றும் உடையவர்; ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் நல்லதே. விலையைக் கொடுத்தவர் பொதுமக்கள். எமது பள்ளியின் பழைய மலர்கள் சில இன்றும் குறுவட்டுகளில் பாமினியில் உள்ளன. எழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகின்றன. அன்று ஆறு வயதிற் கவிதை எழுதிய பிள்ளை இன்று தன் பிள்ளையை எமது பாலர் வகுப்பிற் சேர்த்துள்ளார். தம் கவிதையை வாசிக்கக் கேட்டபோது, உருமாற்றிக் கொடுக்க ஒரு வாரம் தவணை கேட்டோம்.

வேறுபாட்டை அழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோதும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோதும், அவர்கள் முன்னே கிடந்தவை ஒன்றோடொன்று ஒவ்வாத ஏட்டுப் பிரதிகள். படியெடுத்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிளையை உண்டாக்கியிருந்தனர். அவற்றைச் சேர்த்துப் பார்ப்பாரின்றி நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. ஏட்டுக்கொரு புத்தகம் என ஐயரவர்கள் வெளியிடவில்லை. ஒப்பிட்டு ஒரு மூலத்தை நிறுவி, வேறுபட்ட பாடங்களை அதே நூலில் குறிப்பாகக் கொடுத்தார். யன்னலும் சன்னலும் ஒரே அட்டவணையில் நிற்கவேண்டும் என நாம் கேட்பதற்கு அந்தப் பதிப்பு முறையே எமக்குத் துணிவு தருகின்றது. ஒரே பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், மற்றவர் வீட்டில் அப்பொருளுக்கு என்ன பெயர் என்பதை ஒருபோதும் காணாமலே வளர்வதற்கு, நாமே நிரல் எழுதிக் கொடுக்கவேண்டுமா?

ஆகவே எமது யோசனை இதுவாகும். அடிமரம் ஒன்று. கிளை ஒரு சனிக்கிழமை பிறந்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் இணையவேண்டும். இணையாவிடில் அதனைச் சிறிதாக வெட்டி, முடிந்த பகுதியையேனும் இணைக்கவேண்டும். முடியாத பெரிய வேலை அடிமரத்திலேயே இருக்கலாம். ஆனால் ஓர் ஆளி வைத்து அணைத்துவிட வேண்டும், பிள்ளைகளின் கண்ணிற் படாது. ஒவ்வொரு கிளையையும் இன்னொரு மாணவர் வாசித்த பின்னரே இணைக்கலாம். ஆசிரியர் வாசிக்க வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு இணைப்பின்போதும் நிரல் தொடங்குகின்றதா, பத்துப் படங்கள் நகர்கின்றனவா, புள்ளி கூடுகின்றதா எனத் தானே பார்க்கும் சிறு சோதனைத் தொகுதி ஓடவேண்டும். விழாவுக்குக் காட்டும் நிலைக்கு ஒரு பெயர்க்குறி இட்டுவைத்தால், பின்னர் எது நடப்பினும் அந்நிலைக்குத் திரும்பலாம். வெறும் பரிசோதனைக்காகத் திறந்த கிளையை இணைக்காமலே நீக்குவதில் குற்றமில்லை. செய்தவர் தாமே நீக்கவேண்டும், விழாவுக்கு முந்திய இரவில் நாம் நீக்கக் கூடாது.

இதற்கு மறுப்புண்டு. 'அடிமரத்தில் பிள்ளைகளின் பிழைகள் வந்துவிடும்' என்பர். வரும். சிறிய மாற்றத்தில் வந்த பிழையைக் கண்டுபிடிப்பதும் எளிது, மீட்பதும் எளிது. ஏழு மாதக் கிளையில் ஒளிந்திருப்பதை எவரும் கண்டுபிடியார். வகுப்பறையிலும், பிள்ளை ஒரு வசனம் சொன்னவுடன் திருத்தினால் மறுவசனம் திருந்துகின்றது. தவணை முடிவிலே நாற்பது பக்கத்தைச் சிவப்பு மையால் நிரப்பிக் கொடுத்தால் கொப்பியை மூடிவைத்து விடுகின்றது. இதனைத் தமிழ்ப் பாடத்தில் இருபது ஆண்டுகளாக அறிந்திருந்தும் நிரற் பாடத்தில் மறந்துபோனோம். சோதனைகளை எழுத நேரம் வேண்டும் என்பது வலுவான மறுப்பு. முதல் இரு மாதங்கள் புதிய அம்சம் எதுவும் வராமற் போகலாம். விழாவிற் காட்டுவதற்குப் புதுமை குறையலாம். அதனைப் பெற்றோர் பொறுத்தருள வேண்டும்.

இளைய மாணவனின் உறவுமுறைப் பகுதியை இப்பங்குனியில் துண்டு துண்டாக அடிமரத்தில் இணைத்தோம். ஒன்பது இணைப்புகள் ஆயின, அவற்றுள் இரண்டு சோதனையில் தோற்றுத் திரும்பின, அவனே திருத்தினான். அம்மம்மா, அப்பம்மா, பாட்டி, அம்மாச்சி, ஆச்சி எல்லாம் ஒரே அட்டவணையில் உள்ளன. 'அம்மாயி' என்றொரு சொல்லைச் சேர்க்கும் கிளை சென்ற சனிக்கிழமை திறக்கப்பட்டு இன்னும் வாசிப்பாருக்காகக் காத்திருக்கின்றது. நிரல் வாசிக்கத் தெரிந்த பெற்றோர் முடிவெடுக்கும் நாளன்று காலை பத்து மணிக்குக் கணித வகுப்பறைக்கு வருக. வாசிக்கத் தெரியாதோர் தம் ஊரில் வழங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக. அட்டவணையில் இடம் இருக்கின்றது.